65 நிறைவதற்கு முன்: அமெரிக்க ஏர்லைன் விமானிக்கான கணக்குகள்

"அவருக்கு 65 நடக்கிறது" என்று சொன்னால் 64 முடிந்து 65ஆவது ஆண்டு ஓடுகிறது என்று நமக்குப் புரியும். விமானிகளுக்கான சட்டம் பேசுவது 65 நிறைவதைப் பற்றி. 65 நடந்துகொண்டிருக்கும் ஆண்டு முழுவதும் பறக்கலாம். 65 நிறையும் பிறந்தநாளன்று காலையிலேயே அந்த உரிமை போய்விடுகிறது. ஆக, கடைசி வேலைநாள் பிறந்தநாளுக்கு முந்தைய நாள். அந்த மாதம் முடியும் வரை, நிதியாண்டு முடியும் வரை என்றெல்லாம் சலுகை கிடையாது.

அமெரிக்க விமான நிறுவனங்களில் ஓட்டும் விமானிகளுக்கும், அவர்களுக்கு ரோஸ்டர் (பணி அட்டவணை) போடுபவர்களுக்கும், வீட்டில் உட்கார்ந்து ஓய்வுக்காலக் கணக்கைப் பார்க்கும் துணைக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். ஓய்வு தேதி பிறந்த அன்றே முடிவாகிவிட்ட ஒன்று. ஆனாலும் அந்தத் தேதியைச் சுற்றி நிற்கும் மருத்துவச் சான்றிதழ், கடைசிப் பயணம், துணையின் காப்பீடு ஆகிய மூன்றிலும் ஆண்டுதோறும் யாராவது இடறி விழுகிறார்கள்.

விதி எந்த இருக்கையைத் தடுக்கிறது

அமெரிக்கக் கூட்டாட்சி விமான விதிகளில் பார்ட் 121 என்பது பெரிய ஏர்லைன்களுக்கானது. அதில் 121.383ஆம் பிரிவு இரண்டு பக்கமும் பூட்டுப் போடுகிறது. 65 நிறைந்தவரை நிறுவனம் விமானியாகப் பயன்படுத்தக் கூடாது; 65 நிறைந்தவர் தானாக முன்வந்தும் விமானியாக அமரக் கூடாது. "கம்பெனிதான் ரோஸ்டர் போட்டது" என்று விமானியோ, "அவர் சொல்லவில்லை" என்று நிறுவனமோ தப்பிக்க முடியாது. பயணிகள் விமானம், சரக்கு விமானம் என்ற வேறுபாடு இல்லை. கேப்டன், ஃபர்ஸ்ட் ஆஃபிசர், நீண்ட பயணங்களில் மாற்றி அமரும் ரிலீஃப் விமானி என்ற வேறுபாடும் இல்லை.

இதற்குத் துணையாக நிற்பது அதே விதிகளின் 61.3(ஜே) பிரிவு. அமெரிக்க லைசென்ஸ் வைத்திருப்பவர் அமெரிக்கப் பதிவுள்ள விமானத்தில் சர்வதேசச் சேவை ஓட்டுவதற்கான வரம்பு அது: ஒரே விமானி ஓட்டும் சேவை என்றால் 60, ஒன்றுக்கு மேற்பட்டவர் என்றால் 65. பயணிகளை ஏற்றும் அட்டவணைப்படியான ஜெட் சேவை, 9 இருக்கைக்கு மேற்பட்ட விமானத்தில் அட்டவணைப்படியான பயணிகள் சேவை, 30 இருக்கைக்கு மேற்பட்ட விமானத்தில் வாடகைப் பயணம், 7,500 பவுண்டுக்கு மேல் சுமக்கும் விமானத்தில் சர்வதேசச் சேவை ஆகியவை இதில் அடங்கும்.

ஒருவர் என்றால் 60, இருவர் என்றால் 65 என்பது ஏன்? வானில் விமானி திடீரென்று செயலிழந்தால் என்ன ஆகும் என்பதுதான் மருத்துவர்கள் கேட்கும் கேள்வி. பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் விமானம் பத்திரமாக இறங்கிவிடும். அதனால்தான், ஒரு விமானி ஓர் ஆண்டில் திடீரெனச் செயலிழக்கும் வாய்ப்பு 1 சதவீதத்துக்குள் இருந்தால் இருவர் ஓட்டும் விமானத்தில் ஏற்கலாம் என்ற அளவுகோல் விமான மருத்துவத்தில் பரவலாகப் புழங்குகிறது. வயது இதற்கு முரட்டுத்தனமான அளவுதான். 63இல் தளர்ந்தவரும் உண்டு, 70இல் திடமாக இருப்பவரும் உண்டு. ஆனால் ஆளாளுக்குத் தனித்தனியாக அளந்து சொல்லும் நம்பகமான சோதனை ஒன்று வரும் வரை எல்லோருக்கும் ஒரே வயது வரம்பு என்பதுதான் நடைமுறை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1959 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி.ஆர். ஸ்மித், அமெரிக்க விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் எஃப்.ஏ.ஏ. அமைப்பின் தலைவர் கெசாடாவுக்கு வயது வரம்பு கேட்டுக் கடிதம் எழுதினார்; 60 வயது விதி 1960 மார்ச் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. விதி விமானி இருக்கையை மட்டுமே தடுத்ததால், 60 நிறைந்த பலர் பின்னால் நகர்ந்து ஃப்ளைட் இன்ஜினியர் இருக்கையில் தொடர்ந்த காலமும் இருந்தது. 2006 நவம்பரில் ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐக்காவோ உலக வரம்பை 65 ஆக்கியது. 2007 டிசம்பர் 13 அன்று அதிபர் புஷ் கையெழுத்திட்ட சட்டம் அமெரிக்காவிலும் 65 ஆக்கியது. அந்தத் தேதிக்கு முன்பே 60 நிறைந்து வெளியேறியவர்கள் திரும்பி வந்தாலும் பழைய சீனியாரிட்டி கிடைக்கவில்லை, புதிதாகச் சேர்ந்தவர் வரிசையில்தான் நிற்க வேண்டியிருந்தது. சில நாள் வித்தியாசத்தில் ஐந்து ஆண்டுச் சம்பளத்தை இழந்தவர்கள் அவர்கள்.

இதை நினைவூட்டக் காரணம் உண்டு. "67 ஆகப் போகிறது" என்ற பேச்சு இப்போது எல்லா க்ரூ ரூமிலும் ஓடுகிறது. 2023 ஜூலையில் பிரதிநிதிகள் சபை 67க்கு ஒப்புதல் தந்தது உண்மைதான். ஆனால் 2024 மே மாதம் சட்டமான எஃப்.ஏ.ஏ. மசோதாவில் அது இல்லை. 2025இல் விமான நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஐயாட்டாவும் உலக அளவில் 67 கேட்டது. இதை நம்பி வீட்டுக் கடனையோ, மகளின் கல்லூரிச் செலவையோ 67 வரை இழுத்துப் போடாதீர்கள். சட்டம் மாறினால் கூடுதல் லாபம். திட்டம் 65ஐ வைத்தே இருக்கட்டும்.

பிறந்த தேதியை முதலில் சரிபாருங்கள்

சிறிய வேலை, ஆனால் முதல் வேலை. பள்ளியில் சேர்க்கும்போது ஒரு தேதியைப் போட்டுவிட்டு வீட்டில் வேறொரு தேதியில் பிறந்தநாள் கொண்டாடும் தலைமுறை நம்மிடம் இன்னும் இருக்கிறது. இந்தியாவிலிருந்து போய் அமெரிக்க லைசென்ஸ் எடுத்தவர்கள் பாஸ்போர்ட், எஃப்.ஏ.ஏ. பதிவு, நிறுவனத்தின் பணிப்பதிவு, சமூகப் பாதுகாப்புப் பதிவு ஆகிய நான்கையும் வரிசையாக வைத்து ஒரே தேதி இருக்கிறதா என்று பாருங்கள். செல்லுபடியாவது ஆவணத்தில் உள்ள தேதிதான். வேறுபாடு இருந்தால் 63 வயதிலேயே திருத்த மனு போடுங்கள். ஓய்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது பிறந்த தேதியை மாற்றக் கேட்பவரை யாரும் நம்பமாட்டார்கள்.

60 நிறைந்ததும் கூடும் வேலைகள்

40 நிறைந்த கேப்டனுக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது பழகிய விஷயம். பலர் கவனிக்காதது ஃபர்ஸ்ட் ஆஃபிசர்களின் நிலை. 60 நிறைந்துவிட்டால், வலது இருக்கையில் இருந்தாலும் பார்ட் 121 பயணத்துக்கு முதல் வகுப்புச் சான்றிதழே வேண்டும், அதுவும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அதுவரை இரண்டாம் வகுப்பிலேயே ஓட்டியவர், 60ஆம் பிறந்தநாளுக்கு முன் முதல் வகுப்பு எடுத்திருக்காவிட்டால் அன்றே தரையில் நிற்க வேண்டியதுதான்.

இரண்டாவது, லைன் செக். 60 நிறைந்த ஒவ்வொரு விமானியையும் நிறுவனம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வழக்கமான பயணத்தில் செக் ஏர்மேனை (மற்ற விமானிகளைத் தேர்வு செய்யும் விமானி) உட்கார வைத்து மதிப்பிட வேண்டும். ஃபர்ஸ்ட் ஆஃபிசராக ஓட்டுபவருக்கு அந்த ஆறு மாதத்துக்குள் முறையான சிமுலேட்டர் தேர்வு நடந்திருந்தால் தனி லைன் செக் தேவையில்லை. கேப்டனுக்கு அந்த விலக்கு இல்லை. இதைக் கணக்கில் வைப்பது பயிற்சிப் பிரிவின் பொறுப்புதான், இருந்தாலும் உங்கள் டைரியிலும் குறித்துக்கொள்ளுங்கள். லைன் செக் தேதி தாண்டினால் ரோஸ்டரிலிருந்து இறக்கப்படுவது நீங்கள்தான்.

மருத்துவச் சான்றிதழின் நாள்கணக்கை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். 1961 அக்டோபர் 20 அன்று பிறந்தவர் ஒருவர். அவருக்கு 65 நிறைவது 2026 அக்டோபர் 20. கடைசியாகப் பறக்கக்கூடிய நாள் அக்டோபர் 19. முதல் வகுப்புச் சான்றிதழ், பரிசோதனை நடந்த மாதத்துக்குப் பிறகு வரும் ஆறாவது மாதத்தின் கடைசி நாள் வரை செல்லும். ஏப்ரலில் எந்த நாளில் பரிசோதித்தாலும் அக்டோபர் 31 வரை வரும். ஓய்வுக்கு அது தாராளம். அவரே மார்ச் 30இல் போனால் செப்டம்பர் 30இல் முடிந்துவிடும். மிச்சமிருக்கும் 19 நாளுக்காக இன்னொரு முழுப் பரிசோதனை செய்ய வேண்டும். ஆகவே, பிறந்த மாதத்திலிருந்து ஆறு மாதம் பின்னால் எண்ணி, அந்த மாதத்தில் கடைசிப் பரிசோதனை விழும்படி ஓர் ஆண்டுக்கு முன்பிருந்தே சுழற்சியைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

மாதத்தின் எந்த நாளில் போவது? முதல் வாரத்தில். ஏப்ரல் 3இல் போய் மருத்துவர் ஏதாவது சந்தேகப்பட்டுக் கோப்பை எஃப்.ஏ.ஏ.க்கு அனுப்பிவிட்டால், காகிதங்கள் திரட்ட அந்த மாதம் முழுவதும் கையில் இருக்கும். ஏப்ரல் 29இல் போனால் மறுநாளே பழைய சான்றிதழ் முடிந்துவிடும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: உடலில் கோளாறு இருப்பது தெரிந்துவிட்டால், கையில் உள்ள சான்றிதழ் தேதிப்படி செல்லுபடியானாலும் பறக்கக் கூடாது, 61.53ஆம் பிரிவு அதைத் தெளிவாகத் தடுக்கிறது. 40 நிறைந்தபின் ஆண்டுதோறும் இ.சி.ஜி. கட்டாயம். முந்தைய இ.சி.ஜி. நகல், ரத்த அழுத்த மாத்திரையின் பெயரும் அளவும், ஸ்டென்ட் வைத்திருந்தால் இதய மருத்துவரின் அண்மை அறிக்கை ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். கோப்பு எஃப்.ஏ.ஏ.வுக்குப் போய்த் திரும்ப மாதங்கள் ஆகலாம். 64 வயதில் அப்படி மாட்டினால் மீதமுள்ள பணிக்காலமே கரைந்துவிடும்.

கடைசி மாதத்தின் பயணங்கள்

அதே விமானியை எடுத்துக்கொள்வோம். சீனியாரிட்டி இருப்பதால் கடைசி மாதத்தில் ஆசைப்பட்ட தடம் கிடைக்கும். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து சிங்கப்பூர் கேட்கிறார். அக்டோபர் 18 இரவு 11 மணிக்குப் புறப்பாடு, 16 மணி நேரத்துக்கு மேல் பயணம். சிங்கப்பூரில் சக்கரம் தரையைத் தொடும்போது அங்கே அக்டோபர் 20 காலை. சான் ஃபிரான்சிஸ்கோவில் அக்டோபர் 19 பிற்பகல்தான். கிளம்பிய ஊரின் கடிகாரப்படி அவருக்கு இன்னும் 64, இறங்கிய ஊரின் கடிகாரப்படி 65. எந்தக் கடிகாரம் சரி என்று வாதாடும் இடத்தில் உங்களைக் கொண்டுபோய் நிறுத்திக்கொள்ளாதீர்கள். தேதிக்கோட்டைத் தாண்டும் தடங்களைக் கடைசி வாரத்தில் கேட்கவே வேண்டாம்.

நாம் சொல்லும் கணக்கு இது: கடைசிப் பயணத் தொடர் முடியும் நேரத்துக்கும் பிறந்தநாள் தொடங்கும் நள்ளிரவுக்கும் இடையே முழுதாக இரண்டு நாள் இருக்கட்டும். புயல், இயந்திரக் கோளாறு, க்ரூ டியூட்டி நேரம் தீர்ந்துபோவது என்று எதுவும் ஒரு பயணத்தை ஒரு நாள் தள்ளிவிடும். வெளியூரில் மாட்டிக்கொண்டு பிறந்தநாளும் வந்துவிட்டால், பயணியாக டெட்ஹெட் செய்து வீடு திரும்புவதில் தடையில்லை. ஆனால் கடைசி லேண்டிங்கை இன்னொருவர் செய்ய, பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும். 35 ஆண்டு ஓட்டியவருக்கு அது வலிக்கும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, தீயணைப்பு வண்டி தண்ணீர் பீய்ச்சும் வரவேற்பைப் பெற விரும்புபவர்கள் உள்நாட்டுப் பகல் பயணமாக, வீட்டுத் தளத்தில் வந்து முடியும் தடத்தைக் கேளுங்கள். தீயணைப்பு வண்டிக்கு விமான நிலைய நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஒரு மாதம் முன்பே சீஃப் பைலட் அலுவலகத்தில் சொல்லிவைப்பது நல்லது.

ரோஸ்டர் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: மென்பொருளில் விமானி ஓய்வுபெறும் தேதியை அடுத்த மாதத் தொடக்கம் என்று சம்பளக் கணக்கு வசதிக்காகப் பதிவு செய்யும் வழக்கம் இருந்தால், பறக்கத் தடை தேதியைத் தனிப் புலத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே புலமாக இருந்தால் பிறந்தநாளுக்கும் மாதக் கடைசிக்கும் நடுவே பயணங்கள் ஒதுக்கப்பட்டுவிடும்.

காப்பீடும் பணமும்

அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் தொடங்குவதும் வேலை முடிவதும் 65இல்தான் என்பது விமானிக்கு வாய்த்த பொருத்தம். நம் உதாரண விமானிக்கு மெடிகேர் அக்டோபர் 1 முதலே கிடைக்கும், பிறந்த மாதத்தின் முதல் நாளிலிருந்து. பதிவுக் காலம் மொத்தம் ஏழு மாதம்: ஜூலை 1 முதல் ஜனவரி 31 வரை. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் பதிந்தால்தான் மெடிகேரில் மருத்துவர் கட்டணத்துக்கான பார்ட் பி அக்டோபர் 1 முதலே கிடைக்கும்.

இந்தத் தேதி துணைக்கு மிக முக்கியம். மனைவிக்கு 61 வயது, கணவரின் நிறுவனக் காப்பீட்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலை முடிந்ததும் கோப்ரா சட்டப்படி அதே காப்பீட்டைச் சொந்தச் செலவில், முழுப் பிரீமியத்தில் 102 சதவீதம் வரை கட்டி, பொதுவாக 18 மாதம் தொடரலாம். ஆனால் வேலை முடிவதற்கு முன்பே, அதற்கு முந்தைய 18 மாதத்துக்குள், கணவருக்கு மெடிகேர் தொடங்கியிருந்தால், மனைவியின் கோப்ரா மெடிகேர் தொடங்கிய நாளிலிருந்து 36 மாதம் வரை நீளும். அக்டோபர் 1இல் மெடிகேர், அக்டோபர் 20இல் ஓய்வு என்று வரிசை அமைந்தால் மனைவி 64 வரை காப்பீட்டோடு இருப்பார். சோம்பலில் பதிவைத் தள்ளிப்போட்டால் அந்தக் கூடுதல் காலம் கையைவிட்டுப் போகக்கூடும். கோப்ரா வேண்டுமென்று தெரிவிக்க 60 நாள் அவகாசம் உண்டு.

கோப்ராவை வைத்துக்கொண்டு மெடிகேர் பார்ட் பி பதிவைத் தள்ளிப்போடுவது நாம் அடிக்கடி பார்க்கும் தவறு. கோப்ரா, வேலைவழிக் காப்பீடாகக் கணக்கில் வராது. தாமதித்த ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் பிரீமியத்தில் 10 சதவீதம் கூடும், அதுவும் பார்ட் பி இருக்கும் காலம் முழுவதும். எச்.எஸ்.ஏ. எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் போடுபவர்கள் மெடிகேர் தொடங்கும் மாதத்திலிருந்து நிறுத்திவிடுங்கள். நம் விமானிக்கு அந்த ஆண்டு வரம்பில் 12இல் 9 பங்குதான்.

1960இலோ அதற்குப் பின்னோ பிறந்தவர்களுக்கு முழுச் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதிய வயது 67. 65இலேயே வாங்கத் தொடங்கினால் சுமார் 13.3 சதவீதம் குறைவாக, ஆயுள் முழுவதும் அப்படியே வரும். அந்த இரண்டு ஆண்டு இடைவெளிக்கு 401(கே) எனும் நிறுவனவழி ஓய்வுக்காலக் கணக்கிலிருந்தோ சேமிப்பிலிருந்தோ எடுக்கும் திட்டம் முன்கூட்டியே இருக்க வேண்டும். 60 முதல் 63 வயது வரை உள்ளவர்களுக்கு 2025 முதல் கூடுதல் 401(கே) பங்களிப்பு உயர்ந்திருக்கிறது; அந்த ஆண்டு வரம்பு 7,500 டாலருக்குப் பதில் 11,250. 64 நிறையும் ஆண்டில் அது பழையபடி இறங்கிவிடும், ஆகவே அந்த நான்கு ஆண்டுகளை விட்டுவிடாதீர்கள்.

வேறு நாட்டுக் கொடி என்றால்

ஐரோப்பிய விதியும் 60, 65 என்றுதான் போகிறது. 60 நிறைந்தவர் வணிகப் பயணத்தில் இன்னொரு விமானியோடு மட்டுமே ஓட்டலாம். 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த 65 வரம்பைச் சரியென்றது. அதே தீர்ப்பில், பயணியும் சரக்கும் இல்லாமல் விமானத்தை இடம் மாற்றும் ஃபெர்ரி பயணத்துக்கும் பயிற்சி அளிப்பதற்கும் அது பொருந்தாது என்றது. 2011இல், லுஃப்தான்சாவின் தொழிற்சங்க ஒப்பந்தத்தில் இருந்த 60 வரம்பு செல்லாது என்றும் அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஜப்பான் 2015இல் 67 வரை உயர்த்தியது. இந்தியாவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் வரம்பு 65. ஆனால் நிறுவனத்தின் பணி ஓய்வு வயது வேறாக இருக்கலாம். ஏர் இந்தியாவில் நெடுங்காலம் 58 இருந்தது. லைசென்ஸ் வரம்பையும் பணி ஒப்பந்த வரம்பையும் தனித்தனியாகப் படியுங்கள்.

தன் நாட்டில் வயது வரம்பே இல்லை என்பதும் எல்லை தாண்டினால் உதவாது. சிகாகோ ஒப்பந்தத்தின் 40ஆம் பிரிவுப்படி, உலகத் தரத்தை முழுமையாக நிறைவு செய்யாத லைசென்ஸோடு இன்னொரு நாட்டுக்குள் நுழைய அந்த நாட்டின் அனுமதி வேண்டும். ஆஸ்திரேலியாவில் 60 நிறைந்த குவான்டாஸ் கேப்டன் கிறிஸ்டி வேலையிழந்து தொடர்ந்த வழக்கில், 1998இல் உயர் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றதற்குக் காரணம் இதுதான்: அவர் ஓட்டிய 747 போகும் நாடுகளில் பெரும்பாலானவை 60க்கு மேற்பட்டவரை அன்று அனுமதிக்கவில்லை.

65க்குப் பிறகு திறந்திருக்கும் கதவுகள்

ஏர்லைன் விமானிக்கான ஏ.டி.பி. லைசென்ஸுக்குக் காலாவதி தேதி இல்லை. 65இல் அதைத் திருப்பித் தர வேண்டாம். பார்ட் 91இன் கீழ் ஒரு நிறுவனத்தின் சொந்த ஜெட்டை ஓட்டலாம். பார்ட் 135இன் கீழ் வாடகைக்கு விமானம் ஓட்டும் சார்ட்டர் நிறுவனங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சட்டப்படியான மேல்வரம்பு இல்லை. ஆண்டுக்கு 75,000 ஜெட் பயணங்களுக்கு மேல் இயக்கும் மிகப் பெரிய நிறுவனங்கள் மட்டும், 2022 இறுதியில் வந்த சட்டத்தின்படி 70 என்று வரம்பு வைத்துக்கொள்ளலாம். வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் வெளிநாட்டுப் பயணம் எத்தனை என்று கேளுங்கள். மேலே சொன்ன 40ஆம் பிரிவு இங்கேயும் குறுக்கே வரும்.

பழைய நிறுவனத்தோடு தொடர விரும்புபவர்களுக்குப் பொருத்தமானது சிமுலேட்டர் பயிற்றுநர் வேலை. 65 நிறைந்தவரும், மருத்துவச் சான்றிதழ் இல்லாதவரும் சிமுலேட்டரில் பயிற்சியும் தேர்வும் நடத்தலாம் என்று பார்ட் 121 வெளிப்படையாகவே சொல்கிறது. ஓய்வுக்கு ஓர் ஆண்டு முன்பே பயிற்சிப் பிரிவில் விண்ணப்பியுங்கள். பயிற்றுநர் தகுதியைப் பணியில் இருக்கும்போதே முடித்துவிட்டால் இடைவெளி விழாது. ஒரு நிபந்தனை உண்டு. சிமுலேட்டர் பயிற்றுநர் முந்தைய 12 மாதத்தில் அந்த ரக விமானத்தில் இரண்டு செக்டாராவது (ஒரு புறப்பாடும் ஒரு தரையிறக்கமும் சேர்ந்தது ஒரு செக்டார்) ஓட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கீகரிக்கப்பட்ட லைன் அப்சர்வேஷனை முடித்திருக்க வேண்டும். முதல் ஆண்டுக்குக் கடைசி மாதங்களில் ஓட்டிய செக்டார்களே போதும், அவற்றை லாக் புக்கில் தனியாகக் குறித்துவையுங்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து காக்பிட்டின் பின்னால் உள்ள ஜம்ப் சீட்டில் உட்கார்ந்து, முன்னால் இருவர் ஓட்டுவதைப் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும்.